கவுன்ட்டி கஜானா நல்லா இருக்கா?

வணக்கம் நேயர்களே. கார் ஓட்டிக்கிட்டே கேக்கறவங்க, அடுப்படியில நின்னுக்கிட்டு கேக்கறவங்க, எல்லாருக்கும் வணக்கம். கலிபோர்னியால சொந்த வீடு இருக்கறவங்களுக்கு வருஷா வருஷம் அக்டோபர் மாசம் கவுன்ட்டியில இருந்து ஒரு கவர் வரும். பிராப்பர்ட்டி டாக்ஸ் பில். நாம என்ன பண்றோம், கவரைப் பிரிச்சு மொத்தம் எவ்வளவுன்னு மட்டும் பாத்துட்டு, ஒரு பெருமூச்சு விட்டுட்டு, டிசம்பர் 10-க்குள்ள முதல் தவணை கட்டணும்னு போன்ல ரிமைண்டர் போட்டுட்டு, பிரிட்ஜ் மேல வச்சிடறோம். இன்னிக்கு ஒரே ஒரு தடவை அதை எடுத்து நிதானமா படிச்சுப் பாருங்க. வரி வரியா இருக்கும். வீட்டு மதிப்புல 1 சதவீதம் பொது வரி, அதுக்குக் கீழ ஸ்கூல் பாண்டு, காலேஜ் பாண்டு, அதாவது அவங்க வாங்கின கடனை அடைக்கறதுக்கு, நிறைய ஊர்ல கொசு ஒழிப்புக்குன்னு தனியா சில டாலர். நான் இருபது வருஷத்துக்கும் மேல உள்ளாட்சி கணக்குத் தணிக்கையில வேலை பாத்தவ, எனக்கு இன்னமும் அந்தக் கொசு வரியைப் பாத்தா சந்தோஷமா இருக்கும். ஏன்னா எந்தக் காசு எதுக்குப் போகுதுன்னு நேரா சொல்ற வரி அது.

கவுன்ட்டின்னா என்னன்னு ஒரு நிமிஷம். சிட்டி வேற கவுன்ட்டி வேற. ஜெயில், ஷெரிப், தேர்தல் நடத்தறது, பொது சுகாதாரம், ஏழைகளுக்கான உதவித் திட்டங்கள், சொத்துப் பத்திரப் பதிவு, சிட்டி எல்லைக்கு வெளிய இருக்கற ரோடு, இதெல்லாம் கவுன்ட்டி பாக்கறது. நம்ம கட்டற பிராப்பர்ட்டி டாக்ஸை வசூல் பண்றதும் அவங்கதான், ஆனா அது முழுசும் அவங்களுக்கு இல்ல, ஸ்கூல், சிட்டி, தண்ணி வாரியம்னு பிரிச்சுக் குடுத்துடணும். அது மட்டும் இல்ல, கலிபோர்னியால பள்ளி மாவட்டங்கள் தங்களோட காசை கவுன்ட்டி கஜானாலதான் போட்டு வைக்கணும். ஊர்க்காசு பூரா ஒருத்தர் மடியில. சீட்டுப் பிடிக்கற அக்கா கையில தெருவே காசு குடுத்து வச்சிருக்கற மாதிரின்னு வச்சுக்கோங்க. இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப இதுக்கு வருவேன்.

இப்போ ஒரு கவுன்ட்டி நல்லா இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எல்லாரும் சொல்றது, பட்ஜெட்ல துண்டு விழல, அப்போ நல்லா இருக்கு. இல்லைங்க. பட்ஜெட்ல துண்டு விழாம இருக்கறது பெரிய விஷயமே இல்ல, பட்ஜெட்டை சமமா காட்டணும்னு சட்டமே இருக்கு. ஒரு குடும்பத்தைப் பாத்து நாம எப்படிச் சொல்றோம், மாசக் கடைசியில கையில காசு இருக்கான்னு மட்டுமா பாக்கறோம்? அந்தக் காசு எங்க இருந்து வந்துச்சுன்னு பாப்போம்ல. சம்பளமா, கடனா, நகையை வச்சதா. இந்த ஒரு கேள்வியைத்தான் நான் எங்க போனாலும் சொல்லிக்கிட்டே இருக்கேன், இன்னிக்கும் நாலு தடவை சொல்லுவேன். காசு எங்க இருந்து வருது?

இதுக்கு ஒரு கதை இருக்கு, நடந்த கதை. ஆரஞ்சு கவுன்ட்டி. டிஸ்னிலேண்ட் இருக்கற ஊர், கடலோரம் நியூபோர்ட் பீச், இர்வைன், பணக்கார ஏரியா. நம்ம ஆளுங்களும் இப்போ அங்க நிறைய பேர் இருக்காங்க. அந்தக் கவுன்ட்டி 1994 டிசம்பர் 6-ஆம் தேதி திவால்னு கோர்ட்ல மனு போட்டுச்சு. அமெரிக்காவுல அதுவரைக்கும் ஒரு உள்ளாட்சி இவ்வளவு பெரிய தொகைக்கு திவாலானதே இல்ல. தேதியை கவனிச்சீங்களா, டிசம்பர் 6. நாலு நாள்ல டிசம்பர் 10, ஜனங்க வரி கட்டற கெடு.

எப்படி ஆச்சு? கொஞ்சம் பின்னாடி போகணும். 1978-ல கலிபோர்னியா மக்கள் ப்ரொபொசிஷன் 13-ன்னு ஓட்டுப் போட்டு கொண்டு வந்தாங்க. பொது வரி 1 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, வீட்டை விக்காத வரைக்கும் மதிப்பை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாது. வீட்டுக்காரங்களுக்கு நிம்மதி, கவுன்ட்டிக்கு கை கட்டின மாதிரி. செலவு ஏறுது, வரி ஏறாது. அப்போ என்ன பண்ணுவாங்க, இருக்கற காசுல அதிக வட்டி யாரு சம்பாதிச்சுக் குடுக்கறாங்களோ அவரைத் தலையில தூக்கி வச்சுப்பாங்க.

ஆரஞ்சு கவுன்ட்டியில அப்படி ஒருத்தர் இருந்தாரு, பொருளாளர் ராபர்ட் சிட்ரன். 1970-கள்ல இருந்து அவர்தான். மத்த எல்லாரையும் விட அதிக வட்டி காட்டுவாரு. சுமார் 190 அமைப்புகள், பள்ளி மாவட்டம், சிட்டி, தண்ணி வாரியம் எல்லாம் அவர் கிட்ட காசு போட்டு வச்சிருந்தாங்க. வட்டி நல்லா வருதுன்னு சில பள்ளி மாவட்டங்கள் வெளிய கடன் வாங்கி அதைக் கொண்டு வந்து இவர் கிட்ட போட்டாங்க, கேட்டுக்கோங்க, கடன் வாங்கி. மொத்தம் 750 கோடி டாலர். ஆனா அவர் வாங்கி வச்சிருந்த முதலீடு சுமார் 2,000 கோடி டாலர்.

750 எப்படி 2,000 ஆச்சு? இதுக்கு படம் போட்டு விளக்கறது வழக்கம், ரேடியோல படம் இல்ல, ஆனா நம்ம வீடுகள்ல இதுக்கு படமே வேணாம். உங்க கிட்ட ஒரு செயின் இருக்கு. அதை அடகு வச்சு காசு வாங்கறீங்க. அந்தக் காசுல இன்னொரு செயின் வாங்கறீங்க. அதையும் அடகு வைக்கறீங்க. திரும்ப ஒரு செயின். தங்கம் விலை ஏறிக்கிட்டே இருந்தா நீங்கதான் தெருவுலயே கெட்டிக்காரி, எல்லாரும் வந்து எப்படிம்மா இவ்வளவு சேத்தீங்கன்னு கேப்பாங்க. விலை இறங்கினா? அடகுக் கடைக்காரர் போன் பண்ணுவாரு, அம்மா மதிப்பு கொறஞ்சிடுச்சு, இன்னும் கொஞ்சம் பணம் கட்டுங்க இல்லைன்னா நகையை வித்துடுவேன். அதுதான் நடந்துச்சு. செயினுக்குப் பதிலா கடன் பத்திரம், அடகுக் கடைக்குப் பதிலா வால் ஸ்ட்ரீட் நிதிக் கம்பெனிங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடன் பத்திரம் விலை ஏன் இறங்குச்சுன்னு கேப்பீங்க. நீங்க 3 சதவீத வட்டிக்கு அஞ்சு வருஷ டெபாசிட் போட்டிருக்கீங்க, நடுவுல அவசரம், அந்தச் சர்ட்டிபிகேட்டை யார்கிட்டயாவது வித்தாகணும்னு வச்சுக்கோங்க. இப்போ பேங்க்ல 5 சதவீதம் குடுக்கறாங்க. உங்க 3 சதவீத சர்ட்டிபிகேட்டை முழு விலை குடுத்து யாரு வாங்குவா? வட்டி ஏறினா பழைய பத்திரம் விலை இறங்கும். 1994 பிப்ரவரியில இருந்து பெடரல் ரிசர்வ், அதாவது அமெரிக்காவோட மத்திய வங்கி, வட்டியை ஏத்த ஆரம்பிச்சாங்க, 3 சதவீதத்துல இருந்தது நவம்பருக்குள்ள 5.5 ஆயிடுச்சு. போதாததுக்கு சிட்ரன் வாங்கி வச்சிருந்ததுல நிறைய, வட்டி ஏறினா வருமானமும் கொறையற மாதிரி எழுதின பத்திரம். ரெண்டு பக்கமும் அடி. 2023 மார்ச்ல சிலிக்கான் வேலி பேங்க் விழுந்துச்சே, நம்ம ஐடி ஆளுங்க எத்தனை பேர் அந்த வாரம் சம்பளம் வருமா வராதான்னு தூங்காம இருந்தாங்க, அங்கயும் அடியில இருந்த நோவு இதேதான். நீளமான பத்திரம், ஏறின வட்டி, எல்லாரும் ஒரே நேரத்துல வந்து காசைக் கேட்டது.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமான ஆளு ஒருத்தர் இருக்காரு, ஜான் மூர்லாக். அவரும் கணக்காளர்தான். 1994-ல சிட்ரனை எதிர்த்து பொருளாளர் பதவிக்கு நின்னாரு. வட்டி ஏறுது, இந்தக் கணக்கு தாங்காதுன்னு பிரசாரம் பூரா அதையே சொன்னாரு. ஜூன் மாசம் தேர்தல். தோத்துட்டாரு. அவர் சொன்னதுக்கு எதிரா சொல்லப்பட்ட பதில் என்ன தெரியுமா, இத்தனை வருஷமா வட்டி குடுத்துக்கிட்டுதானே இருக்காரு. நேயர்களே, ஒரு கவுன்ட்டியோட ஆரோக்கியத்தைப் பத்தி பேசும்போது இதை விட ஆபத்தான பதில் கிடையாது. கடனைத் திருப்பிக் கட்டுவாங்களான்னு மார்க் போடற ரேட்டிங் கம்பெனிக்காரங்க கூட கடைசி வரைக்கும் நல்ல மார்க்குதான் போட்டு வச்சிருந்தாங்க. ஆறே மாசம். நஷ்டம் சுமார் 160 கோடி டாலர். அடுத்த வருஷம் அதே மூர்லாக்கைக் கூப்பிட்டு அதே நாற்காலியில உக்கார வச்சாங்க.

சிட்ரன் மேல வழக்கு வந்துச்சு, குத்தத்தை ஒத்துக்கிட்டாரு. ஆனா அவர் தன் சொந்தப் பைக்கு எதையும் எடுத்துக்கல. அதுதான் என்னை இன்னிக்கும் தூங்க விடாத விஷயம், ஏன்னா நம்ம ஊர்க் கணக்குல எப்பவும் திருடனைத்தான் தேடறோம். திருடன் இல்லாமலே கஜானா காலியாகும். வட்டி ஏன் மத்தவங்களை விட அதிகமா வருதுன்னு கேக்க ஆள் இல்லைன்னா போதும்.

அப்புறம் 1995 ஜூன்ல அரை சென்ட் விற்பனை வரி ஏத்தலாமான்னு மக்கள்கிட்ட ஓட்டுக்கு விட்டாங்க. முடியாதுன்னுட்டாங்க. பணக்காரக் கவுன்ட்டிதான், கட்ட முடியாம இல்ல, நீங்க பண்ணின தப்புக்கு நாங்க ஏன் கட்டணும்னு கோவம். அந்தக் கோவம் எனக்குப் புரியுது. ஆனா விலையை யாரோ குடுத்துத்தான் ஆகணும், வேலைகள் போச்சு, ஏழைகளுக்கான சேவைகள்ல கை வச்சாங்க, பஸ்ஸுக்குப் போக வேண்டிய காசு கடனுக்குப் போச்சு. காசு போட்டவங்களுக்கு முதல்ல டாலருக்கு 77 சென்ட்தான் கையில வந்துச்சு. திவால்ல இருந்து வெளிய வர கவுன்ட்டி வாங்கின கடன் கட்டி முடிஞ்சது 2017-ல. 1994-ல பொறந்த குழந்தை காலேஜ் முடிச்சிருக்கும்.

இதுல இருந்து சட்டமும் மாறுச்சு, கலிபோர்னியால இப்போ அந்த மாதிரி அடகு வச்சு வாங்கறதுக்கு முதலீட்டுல 20 சதவீதம்தான் உச்சவரம்பு, வட்டி ஏறினா வருமானம் கொறையற அந்தத் தலைகீழ் வட்டிப் பத்திரத்துக்குத் தடையே போட்டுட்டாங்க.

சரி, நீங்க உங்க கவுன்ட்டியில என்ன பாக்கணும்? கவுன்ட்டி வருஷா வருஷம் ஒரு பெரிய கணக்கு அறிக்கை வெளியிடும், நெட்ல சும்மாவே கிடைக்கும். இருநூறு முந்நூறு பக்கம் இருக்கும், பயப்படாதீங்க. நான் ஒரு கவுன்ட்டியோட போர்டு மீட்டிங்ல, அதாவது கவுன்ட்டியை நடத்த மக்கள் தேர்ந்தெடுத்தவங்க கூடற கூட்டத்துல, ஒரு பெரியவரைப் பாத்தேன், எழுபது வயசுக்கு மேல இருக்கும், அந்த அறிக்கையை மளிகைக் கடை ரசீதுத் துண்டுகளை அடையாளம் வச்சு கொண்டு வந்திருந்தாரு. பொதுமக்கள் பேச மூணு நிமிஷம் குடுப்பாங்க. அவர் எந்திரிச்சு ஒரே கேள்விதான் கேட்டாரு, போன வருஷம் பொது நிதியில கையிருப்பு கொறஞ்சிருக்கு, ஆனா பட்ஜெட் சமம்னு சொல்றீங்க, எங்க போச்சு? மேடையில இருந்தவங்க காகிதத்தைப் புரட்டினாங்க. ரோடு ரிப்பேரைத் தள்ளிப் போட்டும் பத்தாம, கையிருப்பை எடுத்து சம்பளம் குடுத்திருக்காங்க. மத்த ரெண்டரை நிமிஷம் அவருக்குத் தேவையே படல, உக்காந்துட்டாரு.

அவர் கேட்டதுதான் முதல் நம்பர். எதுக்கும் ஒதுக்காத கையிருப்பு எவ்வளவு. அமெரிக்க அரசு நிதி அதிகாரிகள் சங்கம் சொல்ற கணக்கு, குறைஞ்சது ரெண்டு மாச செலவுக்காவது இருக்கணும். நம்ம வீட்டுல அரிசி டப்பா மாதிரி, அடி தெரிய ஆரம்பிச்சா கவனிக்கணும். ஒரு வருஷத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, அஞ்சு வருஷம் வரிசையா எடுத்து வச்சுப் பாருங்க, ஏறுதா இறங்குதா. அது போக, கஜானா காசு எத்தனை நாள்ல திரும்பி கைக்கு வரும்னு பொருளாளர் அறிக்கையில சராசரி போட்டிருப்பாங்க, அதையும் பாருங்க. பக்கத்துக் கவுன்ட்டியை விட உங்க கவுன்ட்டிக்கு வட்டி ரொம்ப அதிகமா வருதுன்னா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி அதே கேள்வி. எங்க இருந்து வருது?

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூணு விரல் காட்டறாரு. அலபாமா கதை ஒண்ணு முழுசா சொல்லணும்னு வந்தேன். சுருக்கமா சொல்றேன். ஜெபர்சன் கவுன்ட்டி, பர்மிங்ஹாம் இருக்கற இடம். சாக்கடைத் தண்ணி ஆத்துல கலக்குதுன்னு வழக்கு, 1996-ல சரி பண்றோம்னு ஒத்துக்கிட்டாங்க, அதுக்குக் கடன், அந்தக் கடனுக்கு மேல வட்டி மாத்திக்கற சிக்கலான ஒப்பந்தங்கள், நடுவுல லஞ்சம். 2008 நெருக்கடியில வட்டி எகிறிடுச்சு. 2011 நவம்பர்ல திவால், 400 கோடி டாலருக்கு மேல, அதுல 300 கோடிக்கு மேல சாக்கடைக் கடன். தண்ணி பில் கட்ட முடியாத ஏழை வீடுகள்தான் அதைத் தாங்குச்சு. இங்க திருடனும் இருந்தாங்க, ஆனா கடன் காகிதம் யாருக்கும் புரியாத அளவுக்கு சிக்கலா இருந்ததுதான் அவங்களுக்கு வசதி ஆயிடுச்சு.

கவுன்ட்டி ஊழியர்களோட பென்ஷன் பத்தி சொல்ல நேரம் இல்ல, ஒரே வரி. 2015 வாக்குல இருந்து பென்ஷன் பாக்கியை முக்கியக் கணக்குலயே காட்டணும்னு விதி வந்துடுச்சு, அதனால தேடிப் பாருங்க, ஓய்வூதியப் பொறுப்புன்னு தனி வரியா இருக்கும், அதுவும் அஞ்சு வருஷம் வரிசையா.

நிறைய கவுன்ட்டியில போர்டு மீட்டிங் செவ்வாய்க்கிழமை, வீட்டுல இருந்தே நெட்ல பாக்கலாம், ஆனா முடிஞ்சா ஒரு தடவை நேர்ல போங்க. அந்தப் பில்லை பிரிட்ஜ் மேல இருந்து எடுத்துட்டுப் போங்க. ரெண்டாவது தவணைக்கு ஏப்ரல் 10 கடைசி. வணக்கம்.