பனங்கொட்டைய எப்போ புதைக்கணும்? எல்கேஜி புள்ளைங்களுக்கு ஒரு வருஷ சயின்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். எல்கேஜி யூகேஜி புள்ளைங்களுக்கு வருஷம் பூரா சயின்ஸ் எப்டி திட்டம் போடறதுன்னு ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசுங்க டீச்சர்னு கூப்டாங்க, நானும் சரின்னு தலையாட்டிட்டேன், இங்க வந்து பாத்தா கண்ணாடி ரூம்ல நானும் ஒரு மைக்கும் மட்டும்தான் இருக்கோம். இருபத்தாறு வருஷமா நாப்பது புள்ளைங்க சத்தத்துக்கு மேல கத்தியே பழகிட்டேன், அதனால குரல் பெருசா வந்தா ரேடியோவ கொஞ்சம் குறைச்சு வச்சுக்கோங்க.

நான் செங்கல்பட்டு பக்கத்துல வேலை பாத்தவ. ஸ்கூல் பேரெல்லாம் வேணாம். சேர்ந்த முதல் வருஷமே, நீ சின்னப் பொண்ணு, உனக்குத்தான் இதெல்லாம் வரும்னு சொல்லி சயின்ஸுக்கு வருஷ பிளான் எழுதற வேலைய என் தலையில கட்டிட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? கடையில ஒரு சார்ட் வாங்கினேன், அதுல நாலு பருவம் போட்டிருந்தது, அதயே மாசாமாசம் பிரிச்சு எழுதிட்டேன், அக்டோபர்ல இலை உதிரும், டிசம்பர்ல பனி கொட்டும்னு. டிசம்பர்ல பஞ்ச உருட்டி ஒட்டி பனி மனுஷன் பண்ணினோம். ஒரு பையன் அத ரொம்ப நேரம் பாத்துட்டு, "மிஸ், இது எங்க பாட்டி தலகாணியா?"ன்னு கேட்டான். வெளில மழை அடிச்சு ஊத்திட்டு இருக்கு, கிரவுண்டுல முழங்கால் தண்ணி, நாங்க உள்ள உக்காந்து பஞ்சு ஒட்டிட்டு இருக்கோம்.

அக்டோபர்ல இலை உதிர்றது அமெரிக்கால, இங்கிலாந்துல. நம்ம ஊர்ல அக்டோபர்னா ஐப்பசி, அடைமழை, அப்பதான் எல்லாம் பச்சைபச்சையா கிளம்பும். நம்ம மரம் இலைய கொட்டறது மாசி பங்குனில, அதாவது பிப்ரவரி மார்ச்ல. நம்ம பெரியவங்க வருஷத்த ஆறாப் பிரிச்சு, ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர், மார்கழி தை முன்பனி, மாசி பங்குனி பின்பனி, சித்திரை வைகாசி இளவேனில், ஆனி ஆடி முதுவேனில்னு வச்சது வெளிய பாத்து வச்சது. பத்தாவதுல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினது அது. டீச்சர் ஆனதும் அத மறந்துட்டு சார்ட் வாங்கப் போயிருக்கேன் பாருங்க.

அதுக்கப்புறம் நான் பிளான் எழுதற விதமே மாறிடுச்சு. மளிகைக் கடையில இனாமா தர்ற மாச காலண்டர் ஒண்ண எடுத்து வச்சுப்பேன். தேதி இருக்கற பாடம், தேதி இல்லாத பாடம்னு ரெண்டாப் பிரிப்பேன். காந்தம், மிதக்கறது முழுகறது, கலர் கலக்கறது இதெல்லாம் தேதி இல்லாதது, எந்த மாசத்துல வேணா பண்ணலாம், அது காத்துட்டு இருக்கும். ஆனா மழை காத்துட்டு இருக்காது, பனம்பழம் காத்துட்டு இருக்காது, நிழல் சுத்தமா காத்துட்டு இருக்காது. அதனால தேதி இருக்கறத மட்டும் முதல்ல பேனால எழுதிடுவேன், மிச்சத்த பென்சில்ல. பாதி கட்டம் காலியா கிடக்கும். காலியா இருக்கேம்மான்னு பிரின்சிபால் கேப்பாங்க, என்ன வரப்போகுதுன்னு எனக்கு தெரியாது மேடம்னு சொல்லி நல்லா வாங்கிக் கட்டிட்டிருக்கேன். 2022ல மத்திய அரசு கொண்டு வந்த அடிப்படை நிலை பாடத்திட்டக் கட்டமைப்புலயே மூணுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் புள்ளைங்களுக்கு புத்தகமே வேணாம்னு இருக்கு, அத படிச்சப்போ அப்பாடான்னு இருந்தது.

சரி, ஜூன். ஸ்கூல் திறந்த முதல் வாரம் பாதிப் பேர் அழுதுட்டே இருப்பாங்க, சயின்ஸாவது ஒண்ணாவது. ரெண்டாவது வாரத்துல பயறு ஊறவைக்கலாம். பச்சைப்பயற ராத்திரி ஊறப்போட்டு ஈரத்துணில கட்டினா ஒரு நாள் ரெண்டு நாள்ல வெள்ளையா வேர் எட்டிப் பாத்துடும், நாலு வயசுப் புள்ளைக்கு பொறுமை அவ்ளோதான். இதுல நான் ஒரு தப்பு பண்ணினேன். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளர்ல பஞ்சு வச்சு மொச்சை போட்டுக் குடுத்தேன், பாசத்துல எல்லாரும் போற வர்றப்பல்லாம் தண்ணி ஊத்திட்டாங்க, நாலாவது நாள் கிளாஸே நாறிப்போச்சு. விதைக்கும் மூச்சு விட காத்து வேணும், தண்ணிக்குள்ள மூழ்கி கிடந்தா அழுகத்தான் செய்யும். அடுத்த வருஷத்துலேர்ந்து வேணும்னே ரெண்டு டம்ளர் அப்டி வைப்பேன், ஒண்ணு முங்க முங்க தண்ணி, ஒண்ணு வெறும் ஈரம். எது முளைக்கும்னு முதல்ல கேட்டுட்டு, அப்புறம் மோந்து பாக்கச் சொல்வேன்.

விதை பொறுக்கிட்டு வாங்கன்னு வீட்டுக்கு சொல்லி அனுப்பறதுக்கு முன்னாடி மட்டும் ஒண்ணு கவனிங்க. குன்றிமணி, ஆமணக்கு கொட்டை, அரளி விதை, ஊமத்தை இதெல்லாம் கிளாஸ் பக்கமே வரக்கூடாது. குன்றிமணி செகப்பும் கறுப்புமா அழகா இருக்கும், புள்ளைங்க கை நேரா அதுக்குத்தான் போகும், கடிச்சு முழுங்கினா உயிருக்கே ஆபத்து. அதே மாதிரி குட்டி பட்டன் காந்தம், வாட்ச் பேட்டரி எதுவும் வேணாம். காந்தம் வேணும்னா பழைய ஸ்பீக்கர் ஒடஞ்சது கிடைக்கும், அதுக்குள்ள இருக்கற பெரிய வட்டக் காந்தம் எந்த வாய்க்குள்ளயும் போகாது.

ஆடில காத்து, அதுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல, பனை ஓலைல காத்தாடி பண்ணி கைல குடுத்தா புள்ளைங்க ஓடிடும்.

ஆகஸ்ட் 18 பேனால எழுதின நாள். சென்னைல வருஷத்துல ரெண்டு நாள் மட்டும் சூரியன் சரியா உச்சந்தலைக்கு மேல வரும், ஏப்ரல் 24ம் ஆகஸ்ட் 18ம். ஊருக்கு ஊர் இது மாறும், கன்னியாகுமரிப் பக்கம் ஏப்ரல் ரெண்டாவது வாரத்துலயே வந்துடும். தினம் பன்னெண்டு மணிக்கு சூரியன் உச்சிலதான் இருக்குன்னு நம்ம நெனச்சுட்டிருக்கோம், அப்டி இல்ல, தை மாசத்துல மத்தியானம் வெளிய நின்னு பாருங்க, நிழல் வடக்கால நீளமா கிடக்கும். ஏப்ரல்ல குட்டிப் புள்ளைங்களுக்கு லீவு விட்டுருவாங்க, அதனால எனக்கு ஆகஸ்ட்தான் கதி. ஆனா ஆகஸ்ட்ல மேகம் வந்து கெடுக்கும், மூணு வருஷம் தொடர்ந்து ஏமாந்திருக்கேன். கிடைச்ச வருஷம் பன்னெண்டேகால் மணி வாக்குல கிரவுண்டுல ஒரு பெயிண்ட் டப்பாவ கவுத்து வச்சோம், சுத்தி நிழலே இல்ல, புள்ளைங்க டப்பாவ தூக்கி அடில தேடறாங்க. பூமி சாஞ்சிருக்கு அது இதுன்னு நான் எதுவும் சொல்லல, சொன்னாலும் அந்த வயசுல ஏறாது. அதுக்கு பதிலா மாசத்துக்கு ஒரு தடவ, மத்தியானம் அதே நேரத்துக்கு, அதே டப்பா நிழல சாக்பீஸ்ல கோடு போட்டு கயித்த வெட்டி அளந்து சுவத்துல தொங்கவிட்டோம், ஆகஸ்டுக்கு கயிறே இல்ல, வெறும் ஆணி.

அதே ஆவணிலதான் பனம்பழம். இந்த வருஷ பிளான்லயே எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான், அதனால கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கோங்க. பொங்கலுக்கு கிளாஸ்ல பனங்கிழங்கு திங்கணும்னா கொட்டைய எப்போ புதைக்கணும்? ஆவணி முடியறதுக்குள்ள. ஜனவரில நெனச்சா நடக்காது. பழம் தானா விழும், பொறுக்கிட்டு வந்து நாரப் பிச்சு கொட்டைய எடுத்தா ஒரு பழத்துல பெரும்பாலும் மூணு இருக்கும். மண்ண கொத்தி பாத்தி மாதிரி மேடாக்கி நெருக்கமா அடுக்கி மேல மண்ணு போட்டு மூடிடணும், அவ்ளோதான். ஆனா அது முளைக்கற விதம் இருக்கே, மத்த விதை மாதிரி உடனே மேல வராது. முதல் முளை கீழ இறங்கும், வேர் மாதிரி மண்ணுக்குள்ள போயி அங்கதான் கிழங்கு வைக்கும். மேல பாத்தா வாரக்கணக்கா வெறும் மண்ணு. நாலு வயசுப் புள்ளை சும்மா இருக்குமா? ரெண்டாவது நாளே ஒருத்தன் தோண்டிட்டான். அவன திட்டினேன், ராத்திரி யோசிச்சா அவன் பண்ணினது சரிதான்னு தோணுச்சு, பாக்காம எப்டி நம்பறது. அதுலேர்ந்து எப்பவும் பத்து கொட்டை கூட புதைப்பேன், அதுக்கு தோண்டற கொட்டைன்னே பேரு. மாசம் ரெண்டு தோண்டிப் பாக்கலாம், தோண்டினத திரும்ப வைக்க முடியாது, ஆனா அரிவாளால பொளந்து உள்ள இருக்கற தவுனத் திங்கலாம். பொளக்கறது ஆயாம்மா வேலை, திங்கறது எல்லார் வேலையும்.

அப்புறம் மழை. வாய் குறுகலா இருக்கற பாட்டில்லாம் வேணாம், அடியும் வாயும் ஒரே அகலமா இருக்கற டின்னு ஒண்ண மரம் மாடி எதுவும் மறைக்காத இடத்துல வைங்க. காலைல வந்ததும் குச்சிய விட்டு எடுத்தா ஈரம் எவ்ளோ உயரமோ அவ்ளோ உயரத்துக்கு நீலப் பேப்பர வெட்டி தேதி வரிசைல சுவத்துல ஒட்டணும். நம்பர் தேவையில்ல. எந்த நாளு ஜாஸ்தி மழைன்னு மூணரை வயசுப் புள்ளை தூரத்துலேர்ந்தே சொல்லும். புயல் மழைக்கு நாலு நாள் லீவு விட்டா வந்து பாக்கறப்போ டின்னே காணாமப் போயிருக்கும், அதுக்கு ஒரு கேள்விக்குறி ஒட்டுவோம். ஈசல் றெக்க பொறுக்கலாம், நத்தைய கண்ணாடி மேல விட்டு அடிலேர்ந்து பாக்கலாம். வேலியோரம் ஊதாப் பூ பூக்குமே பட்டாசுக்காய் செடி, அதோட காஞ்ச காய எச்சில் தொட்டோ தண்ணில போட்டோ வச்சா டப்புனு வெடிச்சு விதை தெறிக்கும். நம்மெல்லாம் சின்ன வயசுல விளையாடினதுதான். மழை வந்தாதான் விதைய வெளிய விடும் அந்தச் செடி. எவ்ளோ கெட்டிக்காரத்தனம் பாருங்க.

வெளிய போக முடியாத நாள்ல பென்சில்ல எழுதினத எடுப்பேன். பெரிய டப்புல தண்ணி, பக்கத்துல ஒரு மஞ்ச பூசணிக்கா, ஒரு ரூபா காசு. எது முழுகும்? நாப்பது பேரும் பூசணின்னுதான் கத்துவாங்க. பூசணி மிதக்கும், காசு முழுகிடும். ஏன்னு நான் சொல்லமாட்டேன், அவங்களையே கேப்பேன். "பூசணிக்கு நீச்சல் தெரியும்"னு ஒரு பொண்ணு சொன்னா. அப்போ கமலா ஆரஞ்ச போட்டேன், மிதந்தது, தோல உரிச்சுப் போட்டேன், முழுகிடுச்சு. அந்தப் பொண்ணு யோசிச்சுட்டு, "சட்டைய கழட்டிட்டீங்க, அதான்"னா. சிரிக்காதீங்க, தோலுக்குள்ள காத்து இருக்கு, அதுதான் தூக்கி நிறுத்துது, நீச்சல் பழகறப்போ டியூப் மாட்டிக்கற மாதிரி. அவ கிட்டத்தட்ட புடிச்சுட்டா.

கறிவேப்பிலைச் செடி ஒண்ணு தொட்டில இருந்தா இன்னொரு பாடம் தானா வரும். பறவை எச்சம் மாதிரி ஒண்ணு இலைல ஒட்டிட்டு இருந்தா அது பெரும்பாலும் பட்டாம்பூச்சிப் புழு, கொஞ்ச நாள்ல பச்சையாயிடும், லேசா தட்டினா தலைக்குப் பின்னாடி கொம்பு மாதிரி நீட்டி ஒரு வாடை விடும். அப்புறம் கூடு கட்டிட்டு பத்து நாள் போல அசையாம தொங்கும். ஒரு வருஷம் ஒம்போதாவது நாள் ஆயாம்மா சுத்தம் பண்றேன்னு தொடைச்சு எறிஞ்சுட்டாங்க. "பூச்சி புடிச்சிருந்துச்சு டீச்சர்"ங்கறாங்க, நான் என்னத்தச் சொல்ல. இப்பல்லாம் பிளான் எழுதின அன்னிக்கே முதல் காப்பி ஆயாம்மாவுக்குதான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் கிழங்கு தோண்டுவோம். மஞ்சத்தூளும் உப்பும் போட்டு பெரிய அண்டால வேகவச்சு, உரிச்சு நடுக் குருத்த எடுத்துட்டு கைல குடுத்தா, புடிக்கலன்னு துப்பறவங்களும் உண்டு, நாலு மாசம் காத்திருந்துட்டு துப்பறாங்களேன்னு எனக்குத்தான் வயிறு எரியும்.

மாசில புங்கமரம். ஜூன்லேர்ந்து மாசத்துக்கு ஒரு தடவ அதே மரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போயி ஒரு இலைய ஒட்டி வச்சிருப்போம். பிப்ரவரில மரம் மொட்டையா நிக்கறப்போ, செத்துப் போச்சு மிஸ்ன்னு ஒரு குரூப் அழும். அவசரப்பட்டு சமாதானம் சொல்லிடாதீங்க, மார்ச்ல எண்ணெ தடவின மாதிரி பளபளன்னு துளிர் வரும், அவங்களே வந்து சொல்வாங்க. அந்தச் சார்ட்டுல அக்டோபர்ல உதிர்ந்த இலைய நான் மார்ச்ல பெருக்கிட்டு இருந்தேன், மரத்த யாரும் கேக்கல.

இதுக்கெல்லாம் செலவு என்னன்னு கேப்பீங்க. டப்பு, டின்னு, கயிறு, பழைய ஸ்பீக்கர். 2019 ஜனவரில நம்ம மாநிலத்துல 2,381 அங்கன்வாடி மையத்துல எல்கேஜி யூகேஜி ஆரம்பிச்சாங்க, அங்க வேலை பாக்கற டீச்சருங்க சில பேரு எனக்கு போன் பண்ணி லேப் இல்லையே, சாமான் இல்லையேம்பாங்க. வாசல்ல ஒரு மரம் இருக்கான்னு கேப்பேன், இருக்கும்பாங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கைய காட்டறாரு, நேரமாச்சாம். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு எந்திரிச்சுடறேன். இப்போ மே மாசம், வீட்ல மாம்பழம் திங்கறீங்கல்ல, ஸ்கூல் திறக்கற வாரத்துக்குக் கிட்டக்க திங்கற பழத்தோட கொட்டைய குப்பைல போடாதீங்க, கழுவி நிழல்ல வச்சு ஈரம் போனதும் எடுத்து வைங்க, ரொம்ப நாள் காயவிட்டா முளைக்காது. பத்து கொட்டை வேணும். எட்டு புதைக்க, ரெண்டு தோண்டிப் பாக்க.