ஓநாயின் வாயில் வைத்த கை

அனைவருக்கும் வணக்கம்.

வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் புராணம் என்றதும் இங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது தோரும் அவன் சுத்தியலும்தான். சினிமா அவனை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அதில் லோகி தோருக்குத் தம்பி. பழைய பாடல்களில் அப்படி இல்லை. லோகி, தெய்வங்களின் தலைவனான ஓடினோடு ரத்தம் கலந்து சகோதரன் ஆனவன். இந்த உறவை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப்போகிற கதைக்கு வேண்டும். தோரைப் பற்றி இன்று நான் அதிகம் பேசப்போவதில்லை. டியூர் என்ற ஒற்றைக் கைத் தெய்வத்தைப் பற்றியும் ஃபென்ரிர் என்ற ஓநாயைப் பற்றியும் பேசப்போகிறேன். அந்த மக்கள் தங்கள் தெய்வங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது இந்தக் கதையில் விளங்குகிற அளவுக்கு வேறெதிலும் விளங்கவில்லை என்பது என் எண்ணம்.

கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்து மக்கள் கி.பி. 1000 வாக்கில் தங்கள் பொதுச் சபையில் கூடி, கிறிஸ்தவத்தை ஏற்பது என்று முடிவெடுத்தார்கள். அதற்கு 200 ஆண்டுகளுக்குப் பிறகு, 1220 வாக்கில், ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற ஐஸ்லாந்துத் தலைவர் இந்தக் கதைகளை உரைநடையில் எழுதி வைத்தார். அவரும் கிறிஸ்தவர்தான். பழைய மதத்தை மீட்கும் எண்ணம் அவருக்கு இல்லை. அவருடைய கவலை கவிதையைப் பற்றியது. அந்த நாட்டுக் கவிஞர்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். தங்கம் என்று சொல்வதற்குப் பதிலாக, தோரின் மனைவி பெயரை வைத்து ‘சிஃபின் கூந்தல்’ என்பார்கள். கதை மறந்துபோனால் கவிதையும் புரியாமல் போகும். இளம் கவிஞர்களுக்குப் பாடமாக அவர் எழுதிய நூல்தான் இன்று நமக்குப் பெரிய ஆதாரம். அதை எழுதியவர் 1241-இல் அரசியல் பகையில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

சரி, கதைக்கு வருவோம்.

லோகிக்கு அங்கர்போடா என்ற அரக்கியிடம் மூன்று பிள்ளைகள். ஒன்று பாம்பு, ஒன்று ஹெல் என்ற பெண், ஒன்று ஓநாய்க்குட்டி. இவர்களால் கேடு வரும் என்று தெய்வங்களுக்கு முன்னறிவிப்பு வந்துவிட்டது. ஓடின் பாம்பைக் கடலில் எறிந்தான். அது உலகத்தையே சுற்றி வளைத்துத் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு கிடக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஹெல்லைக் கீழுலகத்துக்கு அனுப்பி, நோயாலும் முதுமையாலும் இறந்தவர்களை அவளிடம் ஒப்படைத்தான். ஓநாய்க்குட்டியை மட்டும் தங்கள் இடத்திலேயே வைத்து வளர்த்தார்கள். அது வளர வளர, பக்கத்தில் போய் இரை வைக்கும் துணிச்சல் டியூர் ஒருவனுக்குத்தான் இருந்தது.

ஒரு கட்டத்தில் அதன் வளர்ச்சியைப் பார்த்துப் பயந்துபோய், கட்டிவிடுவது என்று முடிவு செய்தார்கள். லெய்டிங் என்ற கால்விலங்கைக் கொண்டுவந்து, ‘இதில் உன் பலத்தைக் காட்டு பார்க்கலாம்’ என்றார்கள். ஒரே உதை, அறுந்தது. இரண்டு மடங்கு உறுதியான ட்ரோமியைக் கொண்டுவந்தார்கள். ஓநாய் யோசித்தது, பேர் எடுக்க வேண்டுமானால் ஆபத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று சம்மதித்தது. அதுவும் தூள் தூளாகப் பறந்தது.

அப்புறம் ஓடின் குள்ளர்களிடம் ஆள் அனுப்பினான். அவர்கள் செய்து கொடுத்தது கிளெய்ப்னிர் என்ற கட்டு. ஆறு பொருள்கள் சேர்ந்தது அது: பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில். பூனை நடந்தால் சத்தம் கேட்பதில்லை, பெண்ணுக்குத் தாடி இல்லை, மலைக்கு அடியில் வேர் இல்லை, பார்த்திருப்பீர்களே, நான் சொல்வது நிஜம் என்பதற்கு அதுவே சாட்சி என்கிறார் ஸ்னோரி. அவ்வளவையும் எடுத்துத்தான் அந்தக் கட்டைச் செய்துவிட்டார்களாம்! பார்க்கப் பட்டு நாடா மாதிரி மெல்லியதாக, வழவழப்பாக இருந்தது. தெய்வங்கள் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துப் பார்த்தும் அறவில்லை.

ஒரு ஏரித் தீவுக்கு ஓநாயை அழைத்துப்போனார்கள். அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த நாடாவை அறுப்பதில் எனக்கு என்ன பெருமை, சூது வைத்துச் செய்ததாக இருந்தால் என் காலில் ஏறவே விடமாட்டேன் என்றது. உன்னால் அறுக்க முடியாவிட்டால் நாங்களே அவிழ்த்துவிடுகிறோம் என்றார்கள். ஓநாய் அப்போது ஒரு நியாயம் கேட்டது: உங்களில் ஒருவர் பிணையாக என் வாயில் கையை வையுங்கள்.

தெய்வங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் முன்வரவில்லை. டியூர் தன் வலது கையை நீட்டி வாய்க்குள் வைத்தான். ஓநாய் திமிறத் திமிறக் கட்டு இறுகியது. எல்லாரும் சிரித்தார்கள், டியூரைத் தவிர. அவன் கை போய்விட்டது.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓநாய் அதுவரை எந்தத் தீங்கும் செய்ததாகக் கதையில் இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டு மீறியவர்கள் தெய்வங்கள். அந்த மக்கள் தங்கள் தெய்வங்களைப் பற்றியே இதை மறைக்காமல் சொல்லிவைத்தார்கள். டியூர் வாக்கும் ஒப்பந்தமும் சார்ந்த தெய்வம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பொய் வாக்குக்கு அவன் கையே பிணை. கட்ட வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும், கட்டுவது துரோகம் என்பதும் தெரியும். இரை வைத்து வளர்த்த கையையே விலையாகக் கொடுத்தான். இரண்டையும் சேர்த்துச் சுமந்தவன் அவன் ஒருவன்தான். தோர் கொன்ற அரக்கர்கள் எத்தனை பேரானாலும், அந்தத் தெய்வங்களில் பெரிய வீரன் இவனே என்பேன்.

கொன்றுவிட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஸ்னோரியின் நூலிலேயே ஒருவர் இதைக் கேட்கிறார். தங்கள் புனித இடத்தை ஓநாயின் ரத்தத்தால் கறைப்படுத்த அவர்கள் விரும்பவில்லை என்பது பதில். ஓடினின் சாவு அந்த ஓநாயால்தான் என்று தெரிந்தும் விரும்பவில்லை.

இன்னொரு பாடல் உண்டு. தெய்வங்களின் விருந்தில் லோகி புகுந்து ஒவ்வொருவரையும் அவமானப்படுத்துவான். டியூரைப் பார்த்து, உன் வலது கையை ஃபென்ரிர் பறித்ததைச் சொல்லத்தான் வேண்டும் என்பான். டியூரின் பதில்: எனக்குக் கை இல்லை, உனக்கு உன் ஓநாய் இல்லை, இழப்பு இருவருக்கும்தான், கட்டுண்டு முடிவுக்காகக் காத்திருக்கும் ஓநாயும் நலமாக இல்லை. பகைவனின் பிள்ளைக்கும் சேர்த்து வருந்துகிற பதில் இது. ‘அரசரின் கையெழுத்துப் பிரதி’ என்று அழைக்கப்படும் 13-ஆம் நூற்றாண்டுத் தோல் சுவடியில் இந்தப் பாடல் இருக்கிறது. 1643-இல் அது ஐஸ்லாந்தில் ஒரு பிஷப் கைக்குக் கிடைத்து, பின்பு டென்மார்க் மன்னருக்குப் போனது. 1971-இல் டென்மார்க் கப்பல் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது, ரெய்க்யவிக் துறைமுகத்தில் மக்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள்.

அந்த ஓநாயின் நிழல் எல்லாக் கதைகளின் மீதும் விழுகிறது. வல்ஹல்லா என்ற வீரர் மண்டபம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 540 கதவுகள், ஓநாயோடு போர் என்றால் ஒவ்வொரு கதவிலிருந்தும் 800 வீரர்கள் புறப்படுவார்கள். அங்கே வீரர்கள் தினம் வெட்டிக்கொண்டு சாய்வதும் எழுந்து விருந்துண்பதும் அந்தப் போருக்கான பயிற்சி. எரிக் என்ற நார்வே மன்னன் 954 வாக்கில் இங்கிலாந்தில் கொல்லப்பட்டபோது, அவன் மனைவி பாடச் செய்ததாகச் சொல்லப்படும் பாட்டு ஒன்று உண்டு. அதில் ஓடினிடம் கேட்கிறார்கள்: அவன் வீரன் என்றால் வெற்றியை ஏன் பறித்தாய்? சாம்பல் நிற ஓநாய் தெய்வங்களின் இருப்பிடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்கிறான் ஓடின். கணவனை இழந்தவளுக்குச் சொல்லக்கூடிய பதில் அதுதான் என்று அந்தச் சமூகம் நினைத்தது.

கடைசியில் ராக்னராக் என்ற உலக முடிவு வருகிறது. நடுவில் கோடையே இல்லாமல் தொடர்ந்து மூன்று குளிர்காலங்கள்; சகோதரனைச் சகோதரன் கொல்வான். கட்டு அறுகிறது. ஓடினை ஓநாய் விழுங்குகிறது. தோர் பாம்பைக் கொன்று, அதன் விஷத்தால் ஒன்பது அடி நடந்து விழுகிறான். டியூரும் கார்ம் என்ற நாயும் ஒருவரை ஒருவர் கொல்கிறார்கள். ஓடினின் மகன் விடார், ஓநாயின் கீழ்த்தாடையில் காலை வைத்து, மேல்தாடையைக் கையால் பிடித்துக் கிழித்துப் பழி தீர்க்கிறான். இது ஸ்னோரி புனைந்ததல்ல. இங்கிலாந்தின் கம்பிரியா பகுதியில், காஸ்ஃபோர்த் ஊர்த் தேவாலய முற்றத்தில் 10-ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவை ஒன்று நிற்கிறது; அதில், விலங்கின் தாடையில் காலை வைத்து வாயைப் பிளக்கும் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. ஸ்னோரிக்கு 250 ஆண்டுகளுக்கும் முந்தியது அது.

பிறகு பூமி கடலிலிருந்து பச்சையாக எழும். விடார் பிழைத்திருப்பான், முன்பே கொல்லப்பட்ட, ஓடினின் இன்னொரு மகன் பால்டர் திரும்பி வருவான், தோரின் மகன்கள் சுத்தியலோடு வருவார்கள். உட்கார்ந்து பழைய கதை பேசுவார்கள். பாம்பைப் பற்றியும் ஓநாயைப் பற்றியும் பேசுவார்கள். திரும்பி வருகிறவர்களில் டியூர் பெயர் இல்லை. படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது வலிக்கிறது.

விடாரின் அந்தக் காலில் இருந்த காலணியைப் பற்றி ஸ்னோரி ஒரு செய்தி சொல்கிறார். காலணி தைக்கும்போது விரல் பக்கமும் குதிகால் பக்கமும் வெட்டி எடுக்கும் தோல் துண்டுகள் இருக்கின்றன அல்லவா, காலம் காலமாக மனிதர்கள் எறிந்த அந்தத் துண்டுகளைச் சேர்த்துச் செய்தது அது. ஆகவே தெய்வங்களுக்கு உதவ நினைப்பவர்கள் அந்தத் துண்டுகளை எறிந்துவிட வேண்டும். எதிர்ப்படையின் கப்பல் நாகல்ஃபார், இறந்தவர்களின் நகங்களால் ஆனது. நகம் வெட்டாமல் ஒருவர் இறந்தால் கப்பலுக்குப் பலகை சேர்ந்துவிடும். அது முடிகிற நாள் தள்ளிப்போக வேண்டும் என்பதே தெய்வங்களும் மனிதரும் விரும்புவது. முடிவை யாராலும் தடுக்க முடியாது என்று நம்பிய மக்கள், அது வரும்வரை சாதாரண மனிதன் செய்ய வேண்டியது என்று இந்த இரண்டையும் சொன்னார்கள்: தோல் துண்டைத் தூக்கி எறி, இறந்தவருக்கு நகம் வெட்டிவிடு.

வணக்கம்.