மழைக்குப் பத்து நிமிடம்தான்: பேஸ்டலில் வானத்தைப் பிடிக்கலாமா?

மேற்கே பாருங்கள். நகரத்துக்குப் பின்னால் கருநீலத்தில் ஒரு மேகச்சுவர் எழும்பி வருகிறது. அது நம் தலைக்கு மேல் வர எப்படியும் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் தாளில் பிடித்துவிடலாம்.

வணக்கம். சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டின் புல்கூரையில் நிற்கிறேன், காலை 8 மணி. வருவது சுமத்ரா பக்கமிருந்து கிளம்பும் காற்றுமழை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலிலும் காலையிலும் வரும். பின்னணி இது போதும்.

ஏன் பேஸ்டல்? நிறப்பொடியில் துளிப் பசை சேர்த்து உருட்டிய குச்சி அது. காயவே வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் வாட்டர்கலர் காய்வதற்குள் மழை வந்துவிடும்.

சரி, சாம்பல் நிறத் தாளை எடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எது மிகக் கறுப்பு? மேகத்தின் அடிவயிறு. கருநீலக் குச்சியை உடைத்து, படுக்கவைத்து ஒரே இழுப்பு. விரலால் தேய்க்காதீர்கள், நிறம் செத்துவிடும். மழை இறங்கும் இடத்தில் மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை தேயுங்கள். மழைத்திரை தானே விழும்.

இப்போது கட்டடங்களைப் பாருங்கள்! எனக்கு உடல் சிலிர்க்கும் இடம் இதுதான். சூரியன் நம் முதுகுப்பக்கம், கிழக்கில். மேகம் எதிரே. அதனால் மரினா பே சேண்ட்ஸ் ஹோட்டலின் மூன்று கோபுரங்களும் அந்த இருட்டுக்கு முன்னால் விளக்கேற்றி வைத்ததுபோல் நிற்கின்றன. சாதாரண வெயிலில் இவை இப்படி ஒளிர்வதே இல்லை. கோபுரங்களை முதலில் வரைந்தால் இந்த ஒளி கிடைக்காது. இருட்டு முழுதும் விழுந்த பிறகு, வெளிர்மஞ்சள் குச்சியை அழுத்தி மூன்று கோடு. கறுப்பின் மேல் வெளுப்பு ஏறுவது பேஸ்டலின் வரம்.

ஓவியர் மோனேவை வெட்டவெளிக்கு அழைத்துப்போய் வரையவைத்த பிரெஞ்சு ஓவியர் பூதேன், பிரான்ஸின் கடற்கரையில் இப்படித்தான் பேஸ்டலில் வானம் வானமாக வரைந்தார். ஓரத்தில் தேதி, நேரம், காற்றின் திசை எழுதிவைப்பார். அந்த எழுத்தைக் கையால் மறைத்தாலும், படத்தைப் பார்த்தே பருவத்தையும் நேரத்தையும் காற்றையும் சொல்லிவிடலாம் என்று 1859இல் கவிஞர் பொதலேர் வியந்தார். ஒரு வானத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்கிறதா?

இடி கேட்கிறது. திறந்த கூரையில் ஒரு நொடிகூட நிற்கக்கூடாது, கீழே இறங்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், படம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

என் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டேன்: காலை 8.10, மேற்குக் காற்று. உங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து தெரியும் வானத்தையும் வரைந்து, நேரமும் காற்றும் எழுதி அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் எழுத்தை மறைத்துவிட்டுக் காற்றைச் சொல்லிப் பார்க்கிறேன்.