காசில்லை என்று தேர்தலை நிறுத்தலாமா?

அவையோருக்கு வணக்கம்.

2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். எரிபொருள் வரிசையில் இரவைக் கழித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பே 'கூடாது' என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்பதே என் கேள்வி.

2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. வருமானம் சுருங்க, மத்திய வங்கி பணத்தை அச்சிட்டுக் கொடுத்தது. 2020இல் வந்த 20ஆவது திருத்தம் உயர் பதவி நியமனங்களை ஜனாதிபதியின் கைக்குள் கொண்டுபோனது. மறு ஆண்டு இரசாயன உர இறக்குமதிக்குத் திடீர்த் தடை. தடுக்க வேண்டிய கதிரைகளில் இருந்தவர்கள், நியமித்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சில நல்லவை நடந்தன. 21ஆவது திருத்தம், உயர் பதவி நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவையை மீட்டது. 2023 நவம்பரில், முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் நான் பெரிதாக மதிப்பது 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டத்தை. முன்பு திறைசேரிச் செயலாளர், மத்திய வங்கியை நடத்திய நாணயச் சபையில் அமர்ந்திருப்பார். பணம் கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே மேசையில். இப்போது அவருக்கு அங்கே இடமில்லை. அரசாங்கத்துக்காகப் பணம் அச்சிடுவதும் தடை. பணவீக்க இலக்கு தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் தவறினால், வங்கி பாராளுமன்றத்துக்குக் காரணம் எழுத வேண்டும். எழுதுகிறார்கள், அதைப் படிக்க நம் பிரதிநிதிகள் பழக வேண்டும்.

ஆனால் அதே 2023இல், மார்ச் 9 அன்று நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நடக்கவில்லை. திறைசேரி காசில்லை என்றது. பணம் வராமல் அச்சிட முடியாது என்றது அரசாங்க அச்சகம். அஞ்சல் வாக்குச்சீட்டுகள் அங்கேயே நின்றன. வேட்புமனுக் கொடுத்த அரச ஊழியர்கள் வேலைக்கும் போக முடியாமல், வாக்குக் கேட்கவும் முடியாமல் தவித்தார்கள். சபைகளின் காலம் முடிந்ததும் நிர்வாகம் அதிகாரிகளிடம் போனது. மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6 அன்று. நெருக்கடிக் காலத்தில்தானே வரியைச் சுமப்பவனுக்கு வாக்கு அதிகம் தேவை? காசில்லாத அரசு வரி கேட்க மறக்கவில்லை. வாக்குக் கேட்கத்தான் மறந்தது.

வடக்கு கிழக்கில் நாம் இன்னும் கடுமையாகவே கேட்க வேண்டியிருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலும் வடக்கினது 2018இலும் முடிந்தன. அதன்பின் தேர்தல் நடத்தாததற்குக் காசில்லை என்ற சாட்டுக்கூட இல்லை. 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றினார்கள்; புதிய முறைக்குத் தொகுதி எல்லைகளை வகுத்தாக வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். இரண்டு மாதத்தில் மீளாய்வு முடியவேண்டும்; முடியவில்லை. ஆளுநர்கள் மாறினார்கள், ஜனாதிபதிகள் மாறினார்கள், சட்டச் சிக்கல் அப்படியே கிடந்தது.

பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு சிறு திருத்தச் சட்டம் போதும். 2024 நவம்பரில் பாராளுமன்றத்தில் 159 ஆசனங்கள் பெற்ற தேசிய மக்கள் சக்திக்கு அது கடினமான காரியம் அல்ல. வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அதற்குத் திகதி கேளுங்கள்.