இயேசுவின் காலடியில் ரோமானியக் கடவுள்! 1,660 வருடப் பழைய சவப்பெட்டியில் என்ன நடக்கிறது?

தாடி இல்லை, மீசை இல்லை. சிங்காசனத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த இளைஞர் யாரென்று தெரிகிறதா? இயேசு! சரி, அவர் காலுக்குக் கீழே பாருங்கள். ஒரு தாடிக்காரர் மார்பளவுக்கு எட்டிப் பார்க்கிறார், தலைக்கு மேல் ஒரு துணியை வளைத்துப் பிடித்திருக்கிறார். அவர் காயலஸ், ரோமானியர்களின் ஆகாயக் கடவுள். பேரரசர் அகஸ்டஸின் பிரபலமான சிலையில், மார்புக் கவசத்தின் உச்சியில் ஜம்மென்று இருப்பவரும் இவர்தான். இங்கே அவருக்குக் கால்மணை உத்தியோகம்.

வணக்கம் மக்களே. இது ரோம் நகரத்தை நிர்வகித்த ஜூனியஸ் பாஸஸின் பளிங்குச் சவப்பெட்டி.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பிணத்தை எரித்துக்கொண்டிருந்த ரோமானியர்களிடம் 2-ம் நூற்றாண்டில் புதைக்கும் வழக்கம் பரவியது, பணக்காரர்கள் கல் பெட்டியில் புராணக் கதைகளைச் செதுக்கச் சொன்னார்கள், கிறிஸ்தவர்கள் வந்ததும் பெட்டி அதேதான், கதை மட்டும் மாறியது. அவ்வளவுதான்.

பாஸஸ் 359-ல், பதவியில் இருக்கும்போதே, 42 வயதில் இறந்துபோனார். ஞானஸ்நானம் வாங்கியது கடைசி நேரத்தில்தான். பெட்டியின் மேல் விளிம்பிலேயே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைனும் அப்படித்தான் செய்தார். ஞானஸ்நானம் எல்லாப் பாவத்தையும் கழுவிவிடும் என்றால், கடைசி வரை தள்ளிப்போடுவதில் ஒரு கணக்கு இருக்கத்தானே செய்கிறது?

முன்பக்கம் இரண்டு அடுக்கு, அடுக்குக்கு ஐந்து காட்சி, நடுவில் தூண்கள். ஆபிரகாம், யோபு, ஆதாம் ஏவாள், கைதாகும் பேதுரு, பவுல் எல்லாரும் உண்டு. மேல் வரிசையின் வலது ஓரத்தில், இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த ரோமானிய ஆளுநர் பிலாத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கை கழுவத் தண்ணீரோடு வேலையாள் தயார். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. சிலுவையில் அறையும் காட்சி கிடையாது! அந்தக் காலக் கிறிஸ்தவக் கலையில் அதைத் தேடினாலும் அநேகமாகக் கிடைக்காது.

இப்போது நான் இந்த வீடியோவே எடுத்ததற்கான காரணம். கீழ் வரிசைத் தூண்களுக்கு மேலே, வளைவுகளுக்கு நடுவில் உள்ள முக்கோண இடுக்குகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆட்டுக்குட்டிகள்! சும்மா மேயவில்லை, நடிக்கின்றன. பள்ளி ஆண்டுவிழாவில் எல்லா வேடத்தையும் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மாதிரி, மொத்த வேதாகமத்தையும் ஆடுகளே நடத்துகின்றன. நெருப்புச் சூளையில் மூன்று வாலிபர்களா? மூன்று ஆடுகள். பாறையைத் தட்டித் தண்ணீர் வரவழைப்பது ஒரு ஆடு. அப்பங்களைப் பெருக வைப்பதும் ஆடு. ஞானஸ்நானக் காட்சியில் ஓர் ஆடு இன்னோர் ஆட்டின் தலையில் முன்னங்காலை வைக்கிறது. மேலே இருந்து நீட்டிய கையிடம் சட்டத்தை வாங்கிக்கொள்கிறது இன்னொன்று. எனக்கு ரொம்பப் பிடித்தது, செத்துப்போய் இயேசுவால் உயிர்த்தெழுந்த லாசருவின் காட்சி: துணி சுற்றிய பிணத்தைக் கோலால் தொட்டு எழுப்புகிறது ஒரு ஆட்டுக்குட்டி. குளம்பால் கோலை எப்படிப் பிடிக்கும் என்று கேட்காதீர்கள், சிற்பியும் கேட்டுக்கொள்ளவில்லை.

இயேசுவை 'தேவ ஆட்டுக்குட்டி' என்று யோவான் சுவிசேஷம் சொல்கிறது, அதனால் இதற்கு இறையியல் காரணம் சொல்லலாம். ஆனால் பெரிய மனிதர் வீட்டு ஆர்டரில், எவர் கண்ணிலும் சட்டென்று படாத மூலையில் இப்படி விளையாடிய சிற்பிக்குக் குறும்பு ஜாஸ்தி என்றுதான் நான் சொல்வேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கமெண்டில் சண்டை போடலாம்.

ஒரு எச்சரிக்கை: சிங்கங்களுக்கு நடுவே நிற்கும் தானியேலைப் பார்த்து அசந்துவிடாதீர்கள். முதலில் இருந்த உருவம் போய்விட்டது, இப்போது நிற்பது பிற்காலத்தில் வைத்த மாற்று. அப்புறம், வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருப்பது அச்சு எடுத்த நகல். அசல், புனித பேதுரு பேராலயத்தின் கருவூல அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமுக்குப் போகிறவர்கள் அங்கே போய் ஆடுகளைத் தேடுங்கள்; சில ஆடுகள் உடைந்திருக்கும், பொறுமையாகப் பார்க்கவேண்டும்.