பனிக்காலத்தை விரட்டும் முகமூடிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே லொட்சென்டால் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பிப்ரவரி தொடக்கத்திலிருந்து, தவக்காலம் பிறக்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் வரை, அங்கே தெருவில் போகிறவர்கள் கொஞ்சம் உஷாராகத்தான் இருக்க வேண்டும். எந்த மூலையிலிருந்தும் 'செகெத்தா' எனப்படும் முகமூடி வேஷக்காரர் பாய்ந்து வரலாம்.

மரத்தில் குடைந்த பெரிய முகமூடி. வாய் கோணலாக இழுத்திருக்கும், உள்ளே நிஜமான மாட்டுப் பல். உடம்பில் முன்னும் பின்னும் ஆட்டுத்தோல், இடுப்பில் தோல்வாரில் கட்டிய பசுமணி. ஆளை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று பழைய துணியை உட்புறம் வெளியே தெரிய உடுத்திக்கொள்வார்கள். கையில் சிக்கினால் போச்சு, முகம் முழுக்கப் பனியைத் தேய்த்துவிடுவார்கள்! முன்பெல்லாம் கல்யாணமாகாத இளைஞர்கள் மட்டுமே இந்த வேஷம் கட்டினார்கள். இப்போது பெண்களும் கட்டுகிறார்கள்.

சரி, இதெல்லாம் எதற்கு? பனிக்காலத்தையும் கெட்ட ஆவிகளையும் விரட்டத்தான் என்று பலரும் சொல்வார்கள். பள்ளத்தாக்கின் நிழல் விழும் பக்கத்தில் குடியிருந்த திருடர்கள், இரவில் இப்படி வேஷம் போட்டு வந்து கொள்ளையடித்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. இது கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழக்கம் என்றும் சொல்வதுண்டு, ஆனால் அதற்கு எழுத்து ஆதாரம் கிடையாது. எனக்குப் படுவது வேறு. 1913இல் லொட்ச்பெர்க் ரயில் சுரங்கம் திறக்கும்வரை, பனிச்சரிவு வழியை அடைத்துவிட்டால் அந்த ஊர்கள் வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும். மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த வாலிபர்களுக்கு ஓடவும் கத்தவும் ஒரு சாக்கு வேண்டாமா? 19ஆம் நூற்றாண்டில் பாதிரியார்கள் தடை போட்டும் பார்த்தார்கள். வழக்கம் நிற்கவில்லை.

சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழன் இரவில் பெரிய ஓட்டம். மேலே இருக்கும் பிளாட்டனில் கிளம்பி, வீலர், கிப்பெல் வழியாக ஃபெர்டன் வரை மணியோசையோடு இறங்கி வருவது மரபு. அந்த பிளாட்டன் ஊரைத்தான் 2025 மே 28 அன்று, இடிந்து விழுந்த பிர்ச் பனியாறும் பாறையும் ஏறக்குறைய முழுவதுமாக மூடிவிட்டன. சுமார் 300 பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள், அதனால் பெரிய உயிர்ச்சேதம் தவிர்ந்தது. ஆனால் வீடுகள் போய்விட்டன. அங்கேயே மறுபடி ஊரைக் கட்டுவோம் என்கிறார்கள் அந்த மக்கள். செகெத்தாக்களின் ஓட்டம் புதிய பிளாட்டனிலிருந்து கிளம்ப வேண்டும் என்று நானும் மனதார விரும்புகிறேன்.

நன்றி, வணக்கம்.