இரண்டு நிமிடத்தில் விழுந்தது, காரணம் தெரிய 14 மணி நேரம்: ரோஜர்ஸ் நெட்வொர்க் முடக்கம்

[திரையில்: கறுப்புப் பின்னணி. "2022 ஜூலை 8, வெள்ளி, அதிகாலை 4:43"]

வணக்கம். டொராண்டோ இன்னும் விழிக்கவில்லை. கனடாவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்றான ரோஜர்ஸின் எஞ்சினியர்கள், பயன்பாடு குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து, தங்கள் ரவுட்டர்களில், அதாவது தகவலுக்கு வழிகாட்டும் கருவிகளில், ஒரு மாற்றம் செய்துகொண்டிருக்கிறார்கள். 4:43க்கு புது கான்ஃபிகரேஷன், அதாவது ரவுட்டர் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொல்லும் அமைப்பு, உள்ளே போகிறது. 4:45க்கு அந்த நிறுவனத்தின் கோர் நெட்வொர்க், எல்லா இணைப்புகளையும் நடுவில் சுமக்கும் பகுதி, நாடு முழுக்கச் சரியத் தொடங்குகிறது.

1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். செல்போன், வீட்டு இணையம், லேண்ட்லைன், கம்பெனிகளின் கிளை இணைப்புகள், எல்லாம் ஒரே கோர் மேல் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றாகவே விழுந்தன. இன்டராக் என்பது கனடாவின் டெபிட் கார்டு பரிவர்த்தனை நெட்வொர்க். அதுவும் ரோஜர்ஸை நம்பியிருந்ததால், ஸ்கார்பரோவில் நம்மவர்கள் நடத்தும் மளிகைக் கடை வரைக்கும் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. இதைவிடக் கொடுமை அவசர உதவி எண்ணான 911. போன்கள் ரோஜர்ஸ் டவரோடு தொடர்பில்தான் இருந்தன. டவருக்குப் பின்னால் இருக்கவேண்டிய கோர்தான் இல்லை. டவர் கிடைக்கிறதே என்று பல போன்கள் வேறு நிறுவனத்தின் டவரைத் தேடிப் போகவில்லை. அவசரத்துக்கு அழைத்த பலருக்கு லைன் கிடைக்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் விழுந்த ஒன்றுக்குக் காரணம் கண்டுபிடிக்க 14 மணி நேரம் ஆனது. அது ஏன் என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: நடுவில் பெரிய வட்டம், "கோர்". சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்கள், "கிளை".]

முதலில் நிறுவன நெட்வொர்க் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். ஒரு கம்பெனிக்கு ஒரு தலைமை அலுவலகம், நாற்பது கிளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளையிலிருந்தும் தலைமை அலுவலகத்துக்குத் தனித்தனியாகக் கேபிள் இழுப்பதில்லை. பக்கத்திலிருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ரவுட்டர் வரைக்கும் ஒரு இணைப்பு எடுப்போம், அவ்வளவுதான். அதற்கு அப்பால் அந்த நிறுவனத்தின் கோர் சுமந்துகொண்டு போகும்.

அந்தக் கோர் ரவுட்டரை பஸ் ஸ்டாண்டு விசாரணை கவுன்டர் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். எந்த ஊர் பஸ் எந்த பிளாட்ஃபாரத்தில் என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கும். அதற்குப் பெயர் ரூட் டேபிள். உலக இணையத்தின் முழுப் பட்டியல் 2022இல் 9 லட்சம் வழிகளைத் தாண்டியிருந்தது. கோருக்கு அத்தனையும் தேவையில்லை. அதனால் கோருக்கு முன்னால் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் ரவுட்டர்களில் ஒரு ஃபில்டர் போட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே அனுப்புவார்கள்.

4:43க்கு நீக்கப்பட்டது அந்த ஃபில்டர்தான்.

நாட்டிலுள்ள எல்லா ஊர் பஸ் அட்டவணைகளையும் ஒரே நேரத்தில் அந்தக் கவுன்டர் மேல் கொட்டினால் எப்படி இருக்கும்? பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, சாலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வழி சொல்ல வேண்டியவர் காகிதத்துக்குள் மூழ்கிவிட்டார். கோர் ரவுட்டர்களுக்கு நடந்தது இதுதான். தாங்கும் அளவைத் தாண்டி ரூட்கள் வந்து குவிந்தன, டிராஃபிக்கை அனுப்பும் வேலை நின்றுபோனது. இவ்வளவுக்கு மேல் வாங்காதே என்று ஒரு வரம்பு கோர் ரவுட்டர்களில் வைக்கப்பட்டிருக்கவில்லை.

[திரையில்: பூட்டிய வீடு. சாவி ஜன்னல் வழியே உள்ளே தெரிகிறது.]

நெட்வொர்க்கில் எது விழுந்தாலும், நெட்வொர்க் வேலை பார்க்கும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக என்ன மாற்றினீர்கள்?" அந்த ராத்திரி மாற்றம் நடந்தது அங்கே எல்லோருக்கும் தெரியும். பழைய கான்ஃபிகரேஷனைத் திரும்பப் போட்டால் முடிந்தது என்று நமக்குத் தோன்றும். ஆனால் போடுவதற்கு ரவுட்டருக்குள் போக வேண்டுமே. ரவுட்டர்களை நிர்வகிக்கும் வழி, அதாவது மேனேஜ்மென்ட் நெட்வொர்க், அதே கோர் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கோர் போனதும் உள்ளே போகும் வழியும் போய்விட்டது. பிழைப் பதிவுகள், நாங்கள் லாக் என்று சொல்வது, அந்த ரவுட்டர்களுக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. வீட்டைப் பூட்டி, சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வெளியே நிற்கிற நிலைமை.

போன் செய்து பேசிக்கொள்ளலாம் என்றால், ஊழியர்கள் கையில் இருந்ததும் ரோஜர்ஸ் போன்தான், வீட்டில் இருந்ததும் ரோஜர்ஸ் இணையம்தான். முதல் சில மணி நேரம் யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு என்ன தெரியும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. வேறு நிறுவனங்களின் சிம் கார்டுகளை வாங்கித் தொலைவிலிருந்த மையங்களுக்கு அனுப்பினார்கள். மேனேஜ்மென்ட் வழி கிடைக்கும் இடங்களுக்கு ஆட்கள் வண்டியில் போய்ச் சேர்ந்தார்கள். 14 மணி நேரத்தில் பெரும்பகுதி இப்படித்தான் கரைந்தது. அறிவு குறைவால் ஆன தாமதம் இல்லை இது. கையில் ஆதாரம் இல்லாமல் ஆனது.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. அது ஏழு கட்டமாகத் திட்டமிட்ட அப்கிரேடு. விழுந்தது ஆறாவது கட்டத்தில். தொடக்கத்தில் இதன் அபாயத்தை "அதிகம்" என்றுதான் குறித்திருந்தார்கள். முந்தைய கட்டங்கள் பழுதில்லாமல் முடிய முடிய அந்தக் குறியீடு இறங்கி, ஆறாவது கட்டத்துக்கு "குறைவு" என்று ஆகிவிட்டது. கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்காக ஸோனா பார்ட்னர்ஸ் தயாரித்த ஆய்வில், 2024 ஜூலையில் சுருக்கம் வெளியானது, இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஐந்து தடவை நன்றாகப் போனது என்பது ஆறாவது தடவையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆறாவதில் தொடப்போவது எது என்பதுதான் கேள்வி.

விந்தை என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குச் சீக்கிரமே ஒரு வாடை தெரிந்தது. இணையத்தில் ஒவ்வொரு பெரிய நெட்வொர்க்கும் "என்னிடம் வர இதுதான் வழி" என்று பிஜிபி மூலம், அதாவது நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை மூலம், அறிவித்துக்கொண்டே இருக்கும். இணையத்தில் ரோஜர்ஸ் நெட்வொர்க்கின் அடையாள எண் ஏஎஸ் 812. அதன் சார்பில் அந்த அறிவிப்புகள் திடீரென்று மலைபோல எழும்பியதை, இணைய சேவை நிறுவனமான கிளவுட்ஃப்ளேர் வரைபடமாகவே வெளியிட்டது. கேபிள் வெட்டுப்பட்டால் வரைபடம் இப்படி இருக்காது. ரூட்டிங்கில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று துப்பு கிடைத்தது. எந்த ரவுட்டர், எந்த வரி என்பது மட்டும் வெளியே தெரியாது.

காரணம் பிடிபட்ட பிறகும் ஒரேயடியாக சுவிட்ச் போடவில்லை. கோர், டிஸ்ட்ரிபியூஷன், இணைய வாசல் ரவுட்டர்களை ஒவ்வொன்றாக, கட்டுப்பாட்டோடு எழுப்பினார்கள். அவசரப்பட்டால் மறுபடியும் வெள்ளம் வந்து மூழ்கிவிடும். மறுநாள் காலைதான் பெரும்பாலும் சரியானது.

[திரையில்: கிளை அலுவலகத்தின் சின்ன ரேக். பச்சை விளக்கு ஒன்று சிமிட்டுகிறது.]

சரி, நீங்கள் கிளை அலுவலகத்தில் இருக்கிறீர்கள். கோர் உங்கள் கையில் இல்லை. உங்களால் என்ன கண்டுபிடிக்க முடியும்? நிறையவே முடியும்.

ரேக்கைத் திறந்து பாருங்கள். இணைப்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. லைன் நன்றாக இருக்கிறது என்று அந்த விளக்கை நம்பிவிடக் கூடாது. பக்கத்து ரவுட்டர் வரைக்கும் கேபிள் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். உங்கள் ரவுட்டரில் கன்சோல் கேபிளைச் செருகி, அந்தப் பக்கத்து ரவுட்டருக்கு பிங் கொடுங்கள். "இருக்கிறாயா?" என்று கேட்கும் சோதனைச் செய்திதான் பிங். சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டர் என்றால் திரையில் ஐந்து ஆச்சரியக்குறி வரிசையாக விழும், ஐந்துக்கும் பதில் வந்தது என்று அர்த்தம். அப்புறம் தலைமை அலுவலகத்துக்கு பிங் கொடுங்கள். ஒரு புள்ளி, அதாவது பதில் இல்லை. இரண்டு வினாடி காத்திருப்பு. இன்னொரு புள்ளி. ஐந்து புள்ளியும் விழுந்து முடியும்போது, கோளாறு முதல் ரவுட்டரைத் தாண்டித்தான் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்து ரவுட்டரில் பிஜிபி சுருக்கத்தைப் பாருங்கள். பக்கத்து ரவுட்டரிடமிருந்து எத்தனை வழிகள் வந்திருக்கின்றன என்று அது காட்டும். பக்கத்து ரவுட்டரோடு உறவு இருக்கிறது, ஆனால் கடைசி நெடுவரிசையில் வழக்கமாக நாற்பது சொச்சம் இருக்கும் எண் 0 ஆகியிருக்கிறதா? உங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று வாயடைத்துப் போயிருக்கிறார் என்று அர்த்தம். வேறு ஊர்க் கிளையில் ஒருவரைப் போனில் பிடித்து அங்கேயும் இப்படித்தானா என்று கேளுங்கள். இரண்டு ஊரிலும் ஒரே நிமிடத்தில் ஒரே அடையாளம் என்றால் அது கோர்.

தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு அனுப்பும் புகார் டிக்கெட்டில் "லைன் டவுன்" என்று எழுதினால் கேபிள் பார்க்க ஆள் அனுப்புவார்கள், இரண்டு மணி நேரம் போகும். "4:45 முதல், மூன்று ஊர்களில், பக்கத்து ரவுட்டர் பதில் சொல்கிறது, வரும் ரூட் எண்ணிக்கை 0" என்று எழுதிப் பாருங்கள். அது நேராகக் கோர் பார்க்கும் ஆளின் மேசைக்குப் போகும்.

[திரையில்: ஆஸ்திரேலிய வரைபடம். "2023 நவம்பர் 8"]

வரம்பு ஒன்று வைத்திருந்தால் ரோஜர்ஸ் தப்பியிருக்குமா? பதில் அவ்வளவு எளிதில்லை. ஆஸ்திரேலியத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஆப்டஸின் ரவுட்டர்களில் வரம்பு இருந்தது. 2023 நவம்பர் 8 அதிகாலை, ஒரு வெளிநாட்டு இணைப்பு மையத்தில் சாஃப்ட்வேர் அப்கிரேடு நடந்தபின் ரூட் மாற்றங்கள் வந்து குவிந்தன. வரம்பு தாண்டியதும், தற்காப்புக்காகச் சுமார் 90 ரவுட்டர்கள் கோரிலிருந்து தாங்களாகவே துண்டித்துக்கொண்டன. நாடு முழுக்க முடக்கம். தொலைவிலிருந்து தொட முடியாத ரவுட்டர்களை மீட்க ஆட்களை நேரில் அனுப்பவேண்டி வந்தது. வரம்பு வேண்டும்தான். ஆனால் அது எட்டப்படும்போது ரவுட்டர் என்ன செய்யும், அதற்குப் பிறகு நாம் எந்த வழியாக உள்ளே போவோம், இரண்டையும் முன்கூட்டியே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

ரோஜர்ஸ் இப்போது மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கைத் தனியாகப் பிரித்திருக்கிறது. இன்டராக் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பையும் சேர்த்துக்கொண்டது.

சில வருடம் முன்பு, நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிளையின் லைன் ராத்திரி 3 மணிக்குப் போனது. இதற்காகத்தானே 4ஜி மோடம் மாட்டியிருக்கிறோம், உள்ளே போய்விடலாம் என்று தைரியமாக இருந்தேன். அதுவும் பதில் சொல்லவில்லை. காலையில் நேரில் போய் மோடத்தைத் திறந்தால், உள்ளே இருந்த சிம் அதே நிறுவனத்துடையது. லைன் எடுத்தபோது சேர்த்துக் கொடுத்ததை யாரோ அப்படியே செருகியிருக்கிறார்கள்.

உங்கள் ரேக்கில் அப்படி ஒரு மோடம் இருக்கும். நாளைக்கு ஆபீஸ் போனதும் மூடியைக் கழற்றி, சிம்மில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கமென்ட்டில் எனக்கும் சொல்லுங்கள்.